இருபத்துநாலு சார் அடித்த மணி

பெண்கள் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்துக்கு மணி அடிக்கப்போவது தன் வீட்டுக்காரர்தான் என்று ஜெசாங்குக்குத் தெரிந்தபோது அவள் மைதானத்து வாசலில் நின்று சுட்ட மக்காச்சோளம் வாங்கிக்கொண்டிருந்தாள். சொன்னவள் தபிதா. சொல்லும்போது தபிதாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதை மறைக்க அவள் கொஞ்சமும் சிரமப்படவில்லை.

"சேதி தெரியுமா ஜெசாங்? இன்னைக்கு மணி உன் வீட்டுக்காரர் கையில."

"எந்த மணி?"

"எந்த மணியா? அதே மணிதான்டி!"

ஜெசாங் கதிரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். சூடு உள்ளங்கையைச் சுட்டதுகூட உறைக்கவில்லை.

அந்த மலைமேட்டு ஊரில் ஓடுகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓடாதவர்களைத்தான் நிறுத்தி, உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். ஜெசாங்கின் அப்பா செம்வோலோ மிஷன் பள்ளிக்கூடத்துக் காலத்தில் வெறுங்காலோடு ஒரு மைல் ஓடி ஜெயித்தவர். பாதி வழியில் காலில் ஏறிய முள்ளை, ஓட்டம் முடிந்த பிறகுதான் பிடுங்கினாராம். அந்த முள் வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே வருகிறது. இப்போது அவர் சொல்கிற கணக்குக்கு அது ஒரு சாண் இருக்கும். அவருடைய இரண்டு பையன்களும் ஓடினார்கள். கடைக்குட்டி ஜெசாங் ஓடினாள். அவர் வீட்டுக் காளை சமோகூட ஒரு வகையில் ஓட்டத்தில் பங்கெடுத்தது. கடைசிச் சுற்றுக்கு அடிக்கிற மணி அதன் கழுத்து மணிதான். மாவட்டப் பள்ளிகளின் போட்டி நடக்கும் இரண்டு நாளும் சமோ மணியில்லாமல் மேயும். இப்போது இருப்பது அந்தச் சமோவின் பேரன். மணி மட்டும் மாறவில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால், ஜெசாங் பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தபோது, இதே மைதானத்தில் இதே ஓட்டம். புல்தரையில் சுண்ணாம்புக் கோடு போட்ட இருபத்தைந்து சுற்று. முதலாவதாக வருபவள் மட்டும்தான் அடுத்த போட்டிக்குப் போகலாம். சுற்றை எண்ணி மணி அடிக்கிற வேலையை, பள்ளத்தாக்கிலிருந்து புதிதாக வந்திருந்த ஹோசேயா கிபோர் என்ற இளம் ஆசிரியரிடம் கொடுத்திருந்தார்கள். ஓட்டத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. பஸ் கிளம்பிப் போனால்கூட ஓட மாட்டார், அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். ஆனால் கணக்கு வாத்தியார் ஆயிற்றே, எண்ணத் தெரியாதா என்று நம்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கணக்கு வாத்தியார் முன்னால் ஓடிய பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கோட்டைத் தாண்டும்போது பலகையில் ஒரு கோடு போட்டார். அவள் அந்தப் பக்கம் வளைந்து போகும்வரை பார்த்துவிட்டு, சுய நினைவு வந்து, அதே சுற்றுக்கு இன்னொரு கோடும் போட்டார். மணி ஒரு சுற்று முன்னதாக அடித்தது. இருபத்துநாலாவது சுற்றையே கடைசி என்று நம்பி ஜெசாங் உயிரைக் கொடுத்து ஓடினாள், கையைத் தூக்கினாள், புல்லில் மல்லாந்து படுத்தாள். இன்னும் ஒரு சுற்று பாக்கி என்று யாரோ கத்தினார்கள். கால் எழுந்திருக்க மறுத்தது. அறுபது அடி பின்னால் வந்த தபிதா அவளைத் தாண்டி நிதானமாக ஓடி முடித்து, கோப்பையை வாங்கிக்கொண்டு போனாள்.

ஜெயித்தால் கொடுப்பதற்காகச் செம்வோலோ சுரைக்குடுக்கை நிறைய முர்சிக் கொண்டுவந்திருந்தார். உள்ளே கரி பூசிய குடுக்கையில் மாதக்கணக்கில் புளிக்க வைத்த பால். அதைத் தளும்பத் தளும்ப வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் மன்னிப்புக் கேட்க வந்த கிபோரை உட்காரவைத்து, ஒரு வார்த்தை பேசாமல், குடுக்கை முழுவதையும் குடிக்கவைத்தார். பழக்கமில்லாத வயிறு இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மூன்றாம் நாள் மறுபடி மன்னிப்புக் கேட்க வந்தார். அப்படி வந்து வந்தே கல்யாணத்தில் முடிந்தது.

கல்யாணம் ஆனது வேறு, மன்னித்தது வேறு. ஊரில் அவருக்கு 'இருபத்துநாலு சார்' என்று பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் எதையும் எண்ண அவருக்கு அனுமதி இல்லை. சாயங்காலம் திரும்பும் மாடுகளை ஜெசாங்தான் எண்ணுவாள். அவர் டீக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரையையும் அவள்தான் போடுவாள், சத்தமாக எண்ணிக்கொண்டே.

வழக்கமாக மணி அடிக்கிற போதகருக்கு அம்மைக்கட்டு வந்து இரண்டு கன்னமும் வீங்கிவிட்டதாம். போட்டி அமைப்பாளர் கடற்கரைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த புது ஆள். ஊர்க்கதை எதுவும் தெரியாது. கணக்கு ஆசிரியர் யார் என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் ஒரே பக்கம் கையைக் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு ஓடப்போவது ஜெசாங்கின் மகள் ஜெமேலி. அவளுக்கும் இது கடைசி வகுப்பு. இன்று விட்டால் பள்ளிப் போட்டி என்று ஒன்று அவளுக்கு இனி இல்லை.

ஜெசாங் மைதானத்தைக் குறுக்கே நடந்தாள். கிபோர் ஒரு மரப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சமோவின் மணி.

"ஜெமேலி அப்பா, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"நானா கேக்கல ஜெசாங். அவரா குடுத்தாரு. மாட்டேன்னா என்ன காரணம் சொல்றது? கணக்கு வாத்தியாருக்கு எண்ணத் தெரியாதுன்னு எழுதிக் குடுக்கவா?"

"குடுங்க. சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்."

"ஊரே போடும், அது எனக்குத் தெரியும்."

"காய்ச்சல்னு சொல்லுங்க."

"காய்ச்சல் இல்லையே."

"ரெண்டு நிமிஷம் நில்லுங்க, நான் வர வைக்கிறேன்."

கிபோர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். "இந்தத் தடவை நான் ஒரு வழி வச்சிருக்கேன். தப்பு வராது."

"என்ன வழி?"

"சொன்னா சிரிப்பே."

"சிரிக்கிற நிலைமையிலயா இருக்கேன் நான்?"

அதற்குள் காலை உதறிக்கொண்டே ஜெமேலி வந்துவிட்டாள். தாத்தாவின் நெட்டைக் கால், அம்மாவின் மூக்கு. வாய் மட்டும் யாரிடமிருந்து வந்ததென்று தெரியாது. இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்.

"அம்மா, ஓடப்போறது நானு. நீ எதுக்கு இப்பவே மூச்சு வாங்கற?"

ஜெசாங் மகளின் தோளைப் பிடித்தாள். "இங்க பாரு. மணிய நம்பாதே. நான் கயித்தோரம் உக்காந்து எண்ணறேன். நான் கையைத் தூக்கினா அதுதான் கடைசிச் சுத்து."

"மணிய மட்டும் கேளும்மா," என்றார் கிபோர், பலகையைப் பார்த்தபடியே.

ஜெமேலி அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினாள். அப்பாவைப் பார்த்தும் அதே மாதிரி தலையாட்டினாள். பிறகு கோட்டுக்குப் போய் நின்றாள்.

செம்வோலோ கயிற்றோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் குடுக்கை. ஜெசாங் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு சுற்று முடியும்போதும் கதிரிலிருந்து ஒரு சோள முத்தை உதிர்த்துச் சட்டைப் பையில் போட வேண்டும். பையில் இருபத்துநாலு சேர்ந்தால் கடைசிச் சுற்று ஆரம்பம். பலகையும் சாக்பீஸும் படித்தவர்களைக் கைவிடலாம், சோளம் கைவிடாது என்பது அவள் நம்பிக்கை.

துப்பாக்கி வெடித்தது. பதினெட்டுப் பெண்கள் கிளம்பினார்கள். நாலாவது சுற்றிலேயே கூட்டம் பிரிந்து, ஜெமேலியும் தபிதாவின் பள்ளிக்கூடத்து நெட்டைப் பெண் ஒருத்தியும் முன்னால் வந்துவிட்டார்கள். தபிதா இப்போது அந்தப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை.

"உன் பொண்ணு நல்லாத்தான் ஓடறா," என்றாள் தபிதா, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டே. "உன்ன மாதிரியே. அதான் எனக்குத் தைரியமா இருக்கு."

"போடி, ஒரு சுத்து இனாமா வாங்கித் தின்னவ."

"இனாமா? உன் வீட்டுக்காரர் குடுத்தாரு, நான் வாங்கிக்கிட்டேன். கல்யாணப் பரிசா உனக்கு அவரையே குடுத்துட்டேனே!"

செம்வோலோ குடுக்கை குலுங்கச் சிரித்தார். ஜெசாங் அப்பாவை முறைத்துவிட்டு ஒன்பதாவது முத்தைப் பையில் போட்டாள்.

பத்து. பதினொன்று. பன்னிரண்டு. ஜெசாங் அவ்வப்போது கிபோரைப் பார்த்தாள். அந்த மனிதர் தலையை நிமிர்த்தவே இல்லை. தொப்பி மூக்குவரை இறங்கியிருந்தது. தூங்குகிறாரோ என்று அவளுக்குப் பதறியது. சாக்பீஸ் கை மட்டும் அசைந்தது.

பதினேழாவது சுற்றின் முடிவில், சரியாகக் கோட்டருகே, நெட்டைப் பெண்ணின் ஷூ ஜெமேலியின் குதிகாலைத் தட்டியது. ஜெமேலி முன்னால் சாய்ந்தாள். இரண்டு கையும் புல்லைத் தொடப் போயின. ஜெசாங் அலறிக்கொண்டு எழுந்தாள். முழு மைதானமும் எழுந்தது. ஜெமேலி எப்படியோ நாலு எட்டில் சமாளித்து நிமிர்ந்து, பழையபடி முன்னால் போய்விட்டாள். ஜெசாங் தொப்பென்று உட்கார்ந்து, வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். அப்புறம்தான் மூச்சு வந்தது.

அதன்பிறகு அவள் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தாள். ஒரு சுற்று, ஒரு முத்து. வெயில் ஏறியது. மற்றப் பெண்கள் ஒவ்வொருவராகச் சுற்றுப் பின்தங்கி யார் எங்கே என்று தெரியாதபடி கலந்துவிட்டார்கள். முன்னால் இரண்டு பேர் மட்டும் பிரியாமல் போனார்கள். ஜெமேலி கோட்டைத் தாண்டினாள், ஜெசாங் முத்தைப் பையில் போட்டாள், கிபோர் மணியை எடுத்து ஓங்கி அடித்தார்.

ஜெசாங் பையிலிருந்ததை மடியில் கொட்டினாள். ஐந்து ஐந்தாகப் பிரித்தாள். இருபத்துமூன்று. மறுபடி எண்ணினாள். இருபத்துமூன்றேதான்.

"பாவி மனுஷன்! மறுபடியும் அடிச்சுட்டாரே!"

கயிற்றோரமாக ஓடினாள். இருபது வருஷமாக ஓடாத கால் அன்றைக்கு எங்கிருந்தோ ஓடியது. "ஜெமேலி! பொய் மணிடீ! வேகமாப் போகாதே! இன்னும் ரெண்டு சுத்து இருக்கு! படுத்துடாதே!"

பழைய கதை தெரிந்தவர்கள் மைதானத்தில் பாதிப் பேர். அவர்கள் உடனே கட்சி சேர்ந்தார்கள். "இருபத்துநாலு! இருபத்துநாலு!" என்று ஒரு பக்கமாகக் கோஷம் எழுந்தது. அமைப்பாளர் ஒலிபெருக்கியில், அந்த எண்ணை ஏன் கத்துகிறார்கள் என்று புரியாமல், அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்டார். கிபோர் மணியைப் பிடித்தபடி குனிந்தே நின்றார்.

ஜெமேலி ஒரு கணம் தயங்கினாள். அந்த ஒரு கணத்தில் நெட்டைப் பெண் பக்கத்தில் வந்துவிட்டாள். ஜெமேலி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் இரண்டு கையும் 'வேண்டாம், வேண்டாம்' என்று ஆடின. தூரத்தில் அப்பாவின் தொப்பியைப் பார்த்தாள். தொப்பி அசையவில்லை. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு பறந்தாள். இரண்டு பேரும் தோளோடு தோளாக வளைவில் வந்தார்கள். தபிதா மற்ற எல்லாவற்றையும் மறந்து நின்ற இடத்திலேயே குதித்தாள். கோட்டருகே ஜெமேலியின் நெஞ்சு ஒரு கை அளவு முன்னால் இருந்தது. நெட்டைப் பெண் கோட்டைத் தாண்டியதும் அப்படியே புல்லில் விழுந்தாள்.

ஜெமேலி விழவில்லை. நிற்கவும் இல்லை. முடிவுக் கோட்டில் கயிறு பிடித்திருந்த ஆளை இடித்துக்கொண்டு போய், முதல் வளைவில் திரும்பி, மறுபடி ஓட ஆரம்பித்தாள்.

"நில்லும்மா! முடிஞ்சுபோச்சு!" என்று நடுவர்கள் கத்தினார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

அப்போதுதான் கிபோர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். ஒருத்தி படுத்திருக்கிறாள், ஒருத்தி இன்னும் ஓடுகிறாள். அவர் முகத்தில் இரத்தமே இல்லாமல் போய்விட்டது. பலகையை எடுத்து விரலால் தடவித் தடவி எண்ணினார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, மணிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பலகை இருபத்தைந்து என்றது. ஆனால் தன் பலகையை நம்புகிற தைரியம் அந்த மனிதருக்கு இருபது வருஷமாக இல்லை.

ஜெசாங் மூச்சு வாங்க அப்பாவின் நாற்காலிக்குத் திரும்பினாள். "பாத்தீங்களாப்பா உங்க மாப்பிள்ளைய? இருபத்துமூணுல அடிக்கறாரு. இதோ எண்ணிப் பாருங்க!"

செம்வோலோ முத்துகளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"ஒண்ண நீதானேம்மா தின்னே."

"எது?"

"பதினேழாவது சுத்துல. புள்ள தடுக்குனப்ப வாயில போட்டுக்கிட்டே. நான் பாத்தேன்."

"பாத்துட்டு ஏம்ப்பா சொல்லல?"

"காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையே, பசி போலன்னு நெனச்சேன்."

ஜெசாங் நாக்கால் கடைவாயைத் துழாவினாள். பல்லிடுக்கில் சோளத் தோல் ஒன்று சிக்கியிருந்தது. விரலால் எடுத்துப் பார்த்தாள். அதைவிட உறுதியான சாட்சி எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

அதற்குள் ஜெமேலி, தனியாக, இருபத்தாறாவது சுற்றைக் கடைசி நூறு மீட்டர் வேகத்தோடு ஓடி முடித்து, கோட்டைத் தாண்டி, அப்பாவின் பக்கத்தில் வந்து விழுந்தாள். கூட்டம் சூழ்ந்தது. அமைப்பாளர் ஓடிவந்தார்.

"ஏம்மா, உனக்கு மணி கேக்கலையா?"

"கேட்டுச்சு சார்." ஜெமேலிக்குப் பேச மூச்சு போதவில்லை. "எங்கப்பா சொன்ன கடைசிச் சுத்து... அதையும் ஓடிட்டேன். எங்கம்மா சொன்னதையும் ஓடிட்டேன். ரெண்டு பேர்ல யாரு சரின்னு... வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுக்கட்டும். என்னால இதுக்கு மேல ஓட முடியாது."

நடுவர்கள் தங்கள் மூன்று கடிகாரத்தையும் கிபோரின் பலகையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மணி சரி. இருபத்தைந்து சரி. ஜெமேலிதான் முதல். தபிதா நேராக வந்து ஜெமேலியின் தலையைத் தடவினாள். ஜெசாங்கிடம் திரும்பி, "ஒரு சுத்து கம்மியா ஓடினது அம்மா, ஒரு சுத்து கூட ஓடினது பொண்ணு. இப்பத்தான் உங்க குடும்பக் கணக்கு நேராச்சு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கண் கலங்கியிருந்ததை ஜெசாங் பார்த்தாள். தன் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

கிபோர் இன்னும் தரையில்தான் இருந்தார். "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டார்.

"என்னது? உங்க கண்ணு முன்னாடிதானே ஓடினா!"

"நான் யாரையும் பாக்கல ஜெசாங். முன்னால ஒட்டி வர்ற ரெண்டு ஜோடிப் பாதத்த மட்டும் பாத்தேன். எது யாரோடதுன்னு பாக்கல. முகத்தப் பாத்தா அன்னைக்கு மாதிரி ஆயிடும்னு பயம். அதுதான் நான் வச்சிருந்த வழி." மகள் பக்கம் திரும்பினார். "நல்லா ஓடினாளா?"

தன் பெண் ஓடிய ஓட்டத்தை, மைதானத்திலேயே நின்றுகொண்டு, அந்த மனிதர் பார்க்கவே இல்லை. வாயைத் திறந்தால் அழுகை வரும்போல் இருந்ததால் ஜெசாங் தலையை மட்டும் ஆட்டினாள்.

செம்வோலோ குடுக்கையோடு வந்தார். முதலில் பேத்திக்குக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு மேலுதட்டைத் துடைத்தாள். அடுத்து ஒரு குவளை நிறைய ஊற்றி மருமகனிடம் நீட்டினார்.

"குடிங்க மாப்ளே. பயப்படாதீங்க, இது தண்டனை இல்ல."

ஜெசாங் கையை நீட்டினாள். "எனக்கு?"

"உனக்கு எதுக்கும்மா? நீதான் சோளம் தின்னுட்டியே," என்று கிழவர் குடுக்கையை மூடிவிட்டார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் சமோவின் பேரன் எங்கோ வேலிக்கு அப்பாலிருந்து கத்தியது. கிபோர் பாதி குடித்துவிட்டுக் குவளையை ஜெசாங்கிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கி மீதியைக் குடித்தாள். புளிப்பு கண்ணைச் சுருக்கியது. குவளைக்குள் பார்த்தபடியே, மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மணி சரியாத்தான் அடிச்சீங்க."

கிபோர் தொப்பியைக் கழற்றினார். தரையிலிருந்த பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையில் சாக்பீஸைத் தேடினார்.

"இன்னொரு தடவை சொல்லு ஜெசாங்," என்றார். "எத்தனைன்னு எண்ணிக் குறிச்சு வச்சுக்கறேன்."